மாரிக்குப்பம் ரயிலில் வரும் பிள்ளைகளின் மென்டார்களுக்கு

பெங்களூருவின் பட்டக் கல்லூரிகளில் மென்டார் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கு,

இந்த ஆண்டும் உங்கள் பெயருக்கு நேரே இருபதோ இருபத்தைந்தோ பிள்ளைகளின் பட்டியல் வந்திருக்கும். கூடவே ஒரு டைரியும். பெயர், பதிவு எண், அப்பா என்ன வேலை, இன்டர்னல் மதிப்பெண், வருகை சதவீதம், சந்தித்த தேதி, வழங்கிய ஆலோசனை, இரண்டு கையெழுத்து. நான் இந்த நகரத்துக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் நடத்தி ஓய்வுபெற்றவள். பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களுக்கான ஒரு லைன் வீட்டில். அதனால் இந்த மடலில் தங்கவயல் பிள்ளைகள் சற்று அதிகமாகவே வருவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த டைரியின் 'வழங்கிய ஆலோசனை' என்ற கட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பத்து டைரிகளைப் புரட்டினால் எட்டில் ஒரே வாசகம் இருக்கும்: ஒழுங்காக வகுப்புக்கு வரும்படி அறிவுறுத்தப்பட்டது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் தலைப்பை அடித்துவிட்டு, 'இந்த மாணவருக்காக நான் செய்தது' என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தக் கட்டத்தை நிரப்பிப் பாருங்கள்.

டைரி எங்கிருந்து முளைத்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் சொல்ல 1994இல் தொடங்கப்பட்ட நாக் அமைப்பு, நம் நாகரபாவியிலேயே தலைமையகம் வைத்திருக்கிறது. அதன் மதிப்பீட்டுக் கையேட்டில் 2.3.3 என்ற எண்ணின் கீழ், படிப்பு மற்றும் அது சார்ந்த சிக்கல்களுக்காக எத்தனை மாணவருக்கு ஒரு மென்டார் என்ற விகிதம் கேட்கப்பட்டது. கேட்டது விகிதம், கொடுத்ததும் விகிதம். மாணவர் எண்ணிக்கையை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்தால் முடிந்தது வேலை. நாக்கைக் குறை சொல்ல நான் வரவில்லை. அப்படி ஒரு கேள்வி வந்திராவிட்டால் பல கல்லூரிகளில் அந்த டைரிகூட இருந்திருக்காது.

ஆனால் விகிதத்தால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது என்பதற்கு வெளியிலிருந்து ஒரு சான்று சொல்கிறேன். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தன் சமுதாயக் கல்லூரிகளில் ஆசாப் என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. பெரும்பாலும் ஏழைகள், குடியேறிகள், கறுப்பினத்தார், லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகள் அவை. குலுக்கல் முறையில் சிலரைத் திட்டத்தில் சேர்த்து, மற்றவர்களை வழக்கம்போல் படிக்கவிட்டு, எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் மூன்று ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தது. சேர்ந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டயம் பெற்றிருந்தார்கள், சேராதவர்களில் 22 சதவீதம். அங்கே ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள்! காகிதத்தில் நம் விகிதம் அதைவிட மூன்று மடங்கு மேல்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? அந்த ஆலோசகருக்கு அது மட்டுமே வேலை. வகுப்பு, விடைத்தாள், தேர்தல் பணி எல்லாம் போக மிச்சமிருக்கும் அரை மணியில் செய்யும் காரியமல்ல. அதைவிட முக்கியம், அவர் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கவில்லை. உதவித்தொகை போக நிற்கும் கட்டணத்தைத் திட்டம் ஏற்றுக்கொண்டது, பாடப்புத்தகம் கொடுத்தது, மாதாமாதம் சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் மெட்ரோகார்டு கொடுத்தது. ஆலோசகரைப் பார்க்க மாணவர் ஏன் வந்தார் என்றால், போனால் ஏதாவது நடக்கும் என்பதால் வந்தார். நம் பிள்ளைகள் மென்டாரைப் பார்க்க வராததற்குக் கூச்சம் காரணம் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வோம். எதுவும் நடக்காத இடத்துக்கு யார்தான் வருவார்கள்?

இனி தங்கவயல் பிள்ளைகள் வரும் ரயிலுக்கு வருகிறேன்.

தங்கவயலின் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதற்குப் பிறகு அந்த ஊருக்கு வேலையும் கூலியும் பெங்களூருவில்தான். விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்தில் கிளம்பி, சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்களை அள்ளிக்கொண்டு பங்காருப்பேட்டை, மாலூர், ஒயிட்ஃபீல்டு, கிருஷ்ணராஜபுரம் வழியாகக் கண்டோன்மென்ட் வந்து சேரும் வண்டிகளில் செக்யூரிட்டிகள், விற்பனைப் பெண்கள், மெக்கானிக்குகள், இவர்களுக்கு நடுவே கல்லூரிப் பிள்ளைகள். ஒரு வழிக்கு எண்பது கிலோமீட்டருக்கும் மேல். பலருக்குத் தாத்தாவின் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து சுரங்கத்துக்கு வந்தவர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இவர்கள்.

வண்டி சிக்னலில் அரை மணி நின்றால் முதல் பீரியட் போச்சு. வாரத்தில் இரண்டு நாள் இப்படிப் போனால், அந்த ஒரு பாடத்தில் மட்டும் வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். காலையில் முதல் மணிக்கு எந்தப் பாடத்தை வைக்கிறோமோ அந்தப் பாடத்தில்தான் தங்கவயல் பிள்ளைகளுக்கு ஷார்ட்டேஜ் வரும். இது ஒழுக்கக் குறைவா, கால அட்டவணையா? டைரியில் 'ஒழுங்காக வரும்படி' என்று எழுதுகிறவர் இதை மாணவரின் குணம் என்று எடுத்துக்கொள்கிறார். அட்டவணை போடுகிற சக ஆசிரியரிடம் போய், 'அந்தக் கணக்குப் பதிவியல் வகுப்பை இரண்டாம் பீரியடுக்கு மாற்று' என்று சண்டை போடுகிறவரையே நான் மென்டார் என்பேன்.

இதே வண்டியைப் பற்றி இன்னொன்று. 2008 ரயில்வே பட்ஜெட்டில் அப்போதைய அமைச்சர் லாலு பிரசாத், பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதாந்திர சீசன் டிக்கெட் இலவசம் என்று அறிவித்தார். ஆண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை இலவசம், அதற்கு மேல் மாணவர் சலுகைக் கட்டணம். 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் அரசின் சாதாரணப் பேருந்துகளிலும் கர்நாடகப் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நியூயார்க்கில் தனியாகப் பணம் ஒதுக்கிக் கொடுத்த மெட்ரோகார்டு நமக்கு அரசாங்கத்தாலேயே பாதி கிடைத்துவிட்டது. ரயில் சலுகைக்குக் கல்லூரி முதல்வரின் சான்று வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சான்றுக்காகப் பெண் பிள்ளை எத்தனை முறை அலுவலகக் கவுன்ட்டருக்கு நடக்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். 'கிளார்க் லீவு', 'பிரின்சிபல் மீட்டிங்கில்', 'ஐ.டி. கார்டு இன்னும் வரவில்லை'. நீங்கள் ஒருமுறை கூடப் போய் நின்றால் அது பத்து நிமிட வேலை.

உதவித்தொகையிலும் இதே கதைதான், ஆனால் முடிச்சு கூடுதல். பட்டியல் சாதி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு நேரே மாணவரின் வங்கிக் கணக்குக்குப் போகும் என்று 2020 டிசம்பரில் முடிவாயிற்று. பணம் பிள்ளையின் கைக்கே வருவது நல்லதுதான். ஆனால் அது வரும்வரை கல்லூரி காத்திருக்க வேண்டுமே! மாநில அரசின் உதவித்தொகைத் தளமான எஸ்.எஸ்.பி.யில் விண்ணப்பிக்க, நாட கச்சேரி அலுவலகத்தில் வாங்கிய சாதிச் சான்றிலும் வருமானச் சான்றிலும் இருக்கும் ஆர்.டி. எண் வேண்டும். ஆதாரில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளின் இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்ற விஷயத்தில் நம் கம்ப்யூட்டர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வங்கிக் கணக்கை ஆதாரோடு என்.பி.சி.ஐ. மேப்பிங் செய்திருக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் பணம் வராது, ஏன் வரவில்லை என்று சொல்லவும் ஆள் இருக்காது. செமஸ்டர் தேர்வு வந்ததும் ஃபீஸ் பாக்கி என்று ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைக்கும் கல்லூரிகள் இந்த ஊரில் உண்டு. அப்போது பாக்கி வைத்த பையன் உங்களிடம் வரமாட்டான். பேசாமல் ஒரு மாதம் டெலிவரி வேலைக்குப் போவான். ஒரு மாதம் இரண்டாகும். டைரியில் 'ஆப்சென்ட்' என்று இருக்கும்.

இனிச் சொல்லப்போவதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் கவனிக்காத இடம் இது.

ஒரே பெஞ்சில் இரண்டு பெண்கள். இருவர் வீட்டிலும் தமிழ், இருவரும் ஆதி திராவிடர். ஒருத்தி தங்கவயல், இன்னொருத்தி சிறுவயதில் தர்மபுரிப் பக்கத்திலிருந்து பெற்றோரோடு கட்டட வேலைக்காக வந்து இங்கேயே பள்ளிப் படிப்பை முடித்தவள். ஆதி திராவிடர் கர்நாடகப் பட்டியலிலும் இருப்பதால் முதல் பெண்ணுக்குச் சான்றிதழ், உதவித்தொகை, ஒதுக்கீடு எல்லாம் உண்டு. இரண்டாவது பெண்ணுக்கு இங்கே எதுவும் இல்லை. 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. ஆந்திரத்தில் பட்டியல் பழங்குடியாகப் பிறந்து, சிறுவனாக பம்பாய் வந்து, அங்கேயே படித்த மாணவர் அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கேட்டார். பட்டியல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரியது, ஒரு மாநிலத்தின் தகுதியை இன்னொரு மாநிலத்துக்குத் தூக்கிப்போக முடியாது என்று தீர்ப்பாயிற்று. பட்டியல் சாதியினருக்கு, 1950 ஆகஸ்ட் 10 அன்று குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வசித்ததோ அதுவே கணக்கு.

தீர்ப்பு சரியா என்று வாதாட இங்கே இடமில்லை. எனக்கு அதில் மனக்குறை உண்டு. நான் சொல்ல வருவது வேறு. நம் கல்லூரி ரெக்கார்டில் இரண்டாவது பெண் 'பொதுப் பிரிவு'. பட்டியல் சாதி மாணவர்களுக்கென்று ஏதாவது கூட்டம் போட்டால் அவளுக்கு அழைப்பு வராது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அவளுக்கு எட்டாது, அவள் படித்தது பெங்களூருவில். இரண்டு மாநிலத்துக்கும் நடுவே விழுந்த இவளைப் போன்றவர்களைப் பட்டியலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பேசினால்தான் தெரியும். கல்லூரியின் ஏழை மாணவர் நிதி, பழைய மாணவர் சங்கத்தின் உதவி என்று சாதிச் சான்று கேட்காத பணம் எங்காவது இருந்தால், மென்டார் முதலில் இவளுக்காகத்தான் கை நீட்ட வேண்டும்.

ஏழ்மை, சான்றிதழ் என்று இவ்வளவு பேசியபின் படிப்பைப் பற்றிப் பேசாமல் விடக்கூடாது. நாக் கையேட்டிலேயே முன்னேறிய மாணவர்கள், மெதுவாகக் கற்பவர்கள் என்ற பிரிப்பு இருந்தது. கல்லூரியில் அது 'ஸ்லோ லேர்னர்ஸ் லிஸ்ட்' என்று நோட்டீஸ் போர்டில் ஏறிவிடுகிறது. அந்த லிஸ்ட்டில் யார் பெயர்கள் வரும் என்று லிஸ்ட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். நான்கு மணிக்கு மேல் ரெமெடியல் கிளாஸ். ஊருக்குத் திரும்பும் வண்டி அந்த நேரத்தில்தான் என்பது வேறு விஷயம்.

1970களில் பெர்க்லியில் யூரி ட்ரீஸ்மன் என்ற கணித ஆய்வு மாணவருக்கு, நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகம் தோற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. சக ஆசிரியர்களைக் கேட்டார். ஊக்கமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவில்லை, வருமானமில்லை என்றார்கள். நம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கேட்டதுபோல் இருக்கிறதல்லவா? பிறகு அவர் இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் மாதக்கணக்கில் கூடவே இருந்து கவனித்தார். சொன்ன காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. சீன மாணவர்கள் கூடிப் படித்தார்கள், ஒருவர் தப்பை ஒருவர் பிடித்தார்கள். கறுப்பின மாணவர்கள் கடுமையாகவே உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாக. எங்கே சறுக்குகிறோம் என்று சொல்ல அருகில் ஆள் இல்லை. ட்ரீஸ்மன் ரெமெடியல் வகுப்பு வைக்கவில்லை. 'நீங்கள் சிறந்த மாணவர்கள், உங்களுக்குக் கடினமான கணக்குகள்' என்று சொல்லிப் பட்டறை வைத்தார். மதிப்பெண்கள் வெகுவாக உயர்ந்தன.

தங்கவயல் பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்தப் பட்டறை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். டேக்கல் நிலையம் தாண்டியதும் அந்தப் பெட்டியில் பாருங்கள். ஒரு பக்கம் பெரியவர்கள் சீட்டு விளையாடுவார்கள், எதிர் சீட்டில் நாலு கல்லூரிப் பிள்ளைகள் ஒரே ஜெராக்ஸ் நோட்டில் தலைகளை நுழைத்திருப்பார்கள். பி.காம். இறுதியாண்டுக்காரி முதலாண்டுக்காரனுக்கு காஸ்டிங் சொல்லிக்கொடுப்பாள், தமிழில். கல்லூரிக்குள் நுழைந்ததும் அவர்களைப் பதிவு எண் வரிசையில் பிரித்து வேறு வேறு மென்டாரிடம் கொடுத்துவிடுகிறோம். ஒரே வண்டியில் வருகிறவர்களை ஒரே குழுவாக வையுங்கள் என்றால் 'ஊர்ப்பற்று வளரும், கும்பல் சேரும்' என்று ஒரு கவலை எழும். மற்றவர்கள் கான்டீனில் பள்ளி வாரியாகத்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? அது நமக்குக் கும்பலாகத் தெரிவதில்லை.

ஊர் என்றேன். சாதி என்றும் சொல்லியாக வேண்டும். டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்பட்ட விதத்தை விசாரித்த தோரட் குழு 2007இல் கொடுத்த அறிக்கையில், விடுதியில் ஒதுக்கப்பட்டதோடு ஆசிரியர்களின் ஆதரவு கிடைக்காததையும் பதிவுசெய்தது. நாட்டின் முதல்தர நிறுவனத்திலேயே நிலைமை அது. உங்கள் அறைக்கு வந்து ஒரு மாணவி, இன்ன ஆசிரியர் வகுப்பில் என்னை 'ஸ்காலர்ஷிப் கேஸ்' என்று சொன்னார் என்றால், 'அவர் அப்படித்தான், நீ மனதில் வைத்துக்கொள்ளாதே' என்று சமாதானம் சொல்லும் பழக்கம் நமக்கு இருக்கிறது. உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்துக்கான யு.ஜி.சி. விதிமுறை 2012லேயே வந்தது; புகாரைப் பெற ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. உங்கள் கல்லூரியில் அது யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாணவி சொன்னதை டைரியில் எழுதக் கூடாது. டைரியைத் துறைத் தலைவரும் பார்ப்பார், நாக் மதிப்பீட்டாளர்களும் பார்ப்பார்கள்.

வழிகாட்டி என்றதும் எனக்கு நினைவுக்கு வருகிறவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர். பம்பாய் சர்னி ரோடு தோட்டத்தில் உட்கார்ந்து படிக்கும் ஒரு பள்ளி மாணவனிடம் பேச்சுக் கொடுத்த ஆசிரியர். 1907இல் அந்த மாணவன் மெட்ரிகுலேஷன் தேறியபோது, தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். அத்தோடு வாழ்த்திவிட்டுப் போயிருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. மேற்படிப்புக்குப் பணமில்லை என்று தெரிந்ததும், பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் அவனை அழைத்துப் போனார். மாதம் 25 ரூபாய் கிடைத்தது. பீமராவ் அம்பேத்கர் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்தார்.

இவ்வளவும் செய்ய எங்களுக்கு எங்கே நேரம் என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. நியாயம்தான். கர்நாடக அரசு முதல்நிலைக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான அதிதி உபன்யாசகர்கள், அதாவது கௌரவ விரிவுரையாளர்கள், ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் வேலையில் இருக்கிறார்கள். 2023 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டு வகுப்பைப் புறக்கணித்துத் தெருவில் உட்கார்ந்ததும் இவர்கள்தான். அடுத்த ஆண்டு தானே இருப்பாரா என்று தெரியாதவரிடம் மூன்றாண்டுக்கு ஒரு பிள்ளையை ஒப்படைக்கிறோம். எனவே இந்த மடலின் ஒரு பகுதி உங்கள் வழியாக உங்கள் முதல்வர்களுக்கு. மென்டார் பணியை வாரத்துக்கு இரண்டு மணி நேரமாக வேலைப்பளுவில் சேருங்கள், கற்பிக்கும் மணிக்குச் சமமாக. நிரந்தர ஆசிரியருக்குக் குழுவைக் கொடுங்கள், கௌரவ விரிவுரையாளருக்குக் கொடுத்தால் அந்த மணிக்கும் சம்பளம் கொடுங்கள். செலவு என்று தயங்குகிறவர்களுக்கு அந்த நியூயார்க் கணக்கில் இன்னொரு வரி உண்டு: ஒரு மாணவருக்கான செலவு கூடியது, படிப்பை முடித்தவர்கள் பெருகியதால் ஒரு பட்டயத்துக்கான செலவு குறைந்தது.

முடிக்குமுன் டைரிக்குத் திரும்பவும் ஒரு வேலை. அதற்கு ஒரு முன்மாதிரியை முதலில் சொல்லிவிடுகிறேன். அட்லாண்டாவில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், கறுப்பின மாணவர்களும் ஏழை மாணவர்களும் மற்றவர்களுக்கு நிகராகப் பட்டம் பெறும் நிலைக்கு வந்தார்கள். அங்கே முதலில் செய்தது, மாணவர்கள் எந்த இடத்தில் நின்றுபோகிறார்கள் என்று தங்கள் பதிவேடுகளையே கிளறியது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பலர் சில நூறு டாலர் பாக்கிக்காகப் பதிவு நீக்கப்பட்டது தெரிந்தது. 2011இல் அந்தப் பாக்கியைப் பல்கலைக்கழகமே சிறு உதவியாகக் கட்டத் தொடங்கியது. 2012இலிருந்து கம்ப்யூட்டர் வழியே ஒவ்வொரு மாணவரையும் கண்காணித்து, சறுக்கல் தெரிந்ததும் ஆலோசகர் கூப்பிடும் ஏற்பாடு வந்தது.

நமக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், ஒரு தாள் போதும். மாதக் கடைசியில் உங்கள் துறையின் மென்டார்கள் அரை மணி உட்காருங்கள். பெயர்களை விட்டுவிட்டு எண்களை மட்டும் எழுதுங்கள்: முதல் பீரியடால் ஷார்ட்டேஜ் ஆனவர் எத்தனை பேர், உதவித்தொகை வராததால் ஃபீஸ் பாக்கி எத்தனை பேர், சான்றுக்காக இரண்டு முறைக்கு மேல் கவுன்ட்டருக்கு வந்தவர் எத்தனை பேர், இரவு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர், வேறு மாநிலப் பட்டியலைச் சேர்ந்ததால் இங்கே எதுவும் கிடைக்காதவர் எத்தனை பேர். மேலே 'கல்லூரி செய்ய வேண்டியது' என்று தலைப்பிட்டு முதல்வரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நாக் மதிப்பீட்டின்போது டைரிகளுக்கு மேலே அந்தத் தாள்களை அடுக்கி வையுங்கள். ரயில் சீசன் சான்றுக்கான படிவத்தை மட்டும் மாதக் கடைசி வரை தள்ள வேண்டாம். இந்த வாரமே உங்கள் குழுவில் வண்டியில் வரும் பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியை ஒருத்தி,
பெங்களூரு